ரவுட்டர் மாட்ட அரை மணி, கேபிள் போட அரை நாள்

டெலிகாம் வேலைக்குப் புதிதாக வருகிற பசங்க என்னிடம் கேட்பதெல்லாம் ரவுட்டருக்குள் தட்டுகிற கமாண்ட் பற்றித்தான். பிஜிபி எப்படி, விலான் எப்படி, எந்தச் சான்றிதழ் வாங்கினால் சம்பளம் ஏறும். கேட்கட்டும், தப்பில்லை. ஆனால் கடலூர் சிப்காட் பக்கம் ஏதாவது ஒரு ஷெல்டருக்குள் (டெலிகாம் பெட்டிகள் இருக்கிற சின்ன அறை) அதே பசங்களைக் கூட்டிப்போய், ரவுட்டரை ரேக்கில் நான்கு ஸ்குரூ போட்டு நிறுத்திவிட்டு, பெட்டியோடு வந்த கேபிள் கட்டைக் கையில் கொடுத்து "ஆரம்பி தம்பி" என்றால், பாதிப் பேர் நேராக நெட்வொர்க் கேபிளைத்தான் எடுக்கிறார்கள். எர்த் வயர் பாலித்தீன் கவருக்குள்ளேயே கிடக்கும்.

கான்ஃபிகரேஷன் தப்பாகப் போனால் சென்னையில் உட்கார்ந்திருக்கிறவர் ராத்திரி பதினோரு மணிக்குக்கூட ரிமோட்டில் சரி பண்ணிவிடுவார். கேபிள் தப்பாகப் போனால் யாராவது ஒருத்தர் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தாக வேண்டும், அந்த ஒருத்தர் பெரும்பாலும் நாம்தான். அதனால் இந்தப் பதிவில் கமாண்ட் ஒன்றுகூடக் கிடையாது.

முதலில் எர்த். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை மாட்ட வேண்டும், கழற்றும்போது எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கழற்ற வேண்டும். பெட்டிக்குள் எங்காவது கசிவு இருந்தாலோ, வெளியிலிருந்து வருகிற கேபிள் வழியாக மின்னலின் சர்ஜ் ஏறினாலோ அது இறங்கிப் போக ஒரு பாதை வேண்டும், எர்த் இல்லாவிட்டால் அந்த நேரத்தில் பெட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கிற கைதான் பாதை. பச்சையும் மஞ்சளும் கலந்த வயர், ரவுட்டரின் பின்னாலோ பக்கவாட்டிலோ எர்த் குறி போட்ட ஸ்குரூ, அங்கிருந்து நேராக ஷெல்டரின் எர்த் பாருக்கு (எல்லா எர்த் வயரும் வந்து சேர்கிற செம்புப் பட்டை). சிலர் பக்கத்தில் இருக்கிற ரெக்டிஃபையரின் (ஏசியை டிசியாக மாற்றுகிற பெட்டி) எர்த் போல்ட்டிலேயே இதையும் சேர்த்து முறுக்கிவிடுவார்கள், பார்க்க வேலை முடிந்த மாதிரிதான் இருக்கும், ஆனால் அடுத்த வருஷம் அந்த ரெக்டிஃபையரை மாற்ற வருகிறவர் போல்ட்டைக் கழற்றினால் நம் ரவுட்டரும் சேர்ந்து எர்த் இல்லாமல் நிற்கும், அவருக்கு அது தெரியவும் தெரியாது. வயர் நீளமாக இருந்தால் சுருட்டிக் கட்டி வைக்காமல் தேவையான அளவுக்கு வெட்டி முனையில் லக் (போல்ட்டில் மாட்டுகிற உலோக வளையம்) அடியுங்கள். சுருட்டி வைத்த எர்த் வயர், மின்னல் மாதிரி நொடிக்குள் ஏறி இறங்கும் மின்சாரத்துக்குத் தடையாகத்தான் இருக்கும்.

இதில் நம் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு, உப்புக்காற்று. தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர், புதுச்சேரியில் வீராம்பட்டினம், வைத்திக்குப்பம் என்று கடலோரமாக இருக்கிற சைட்டில் எர்த் பாரைப் பார்த்தால் செம்பு நிறமே தெரியாது, பச்சைக் களிம்பு ஏறிக் கிடக்கும். அதன் மேலேயே லக்கை வைத்து முறுக்கினால் ஸ்பேனருக்கு நன்றாக டைட் ஆகும், மீட்டரை வைத்தால்தான் லட்சணம் தெரியும். உப்புத்தாளை எடுத்து செம்பு பளபளக்கும் வரை அந்த இடத்தைத் தேய்த்து, லக்கை முறுக்கி, அப்புறம் மேலே கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவிவிடுங்கள், காற்று நேராகப் படாது. ரேக்கின் பெயிண்ட் மேல் எர்த் முறுக்குவதும் இதே கதைதான், ஒன்று பெயிண்டைச் சுரண்ட வேண்டும், இல்லை பெயிண்டைக் கீறிக்கொண்டு போகிற பல் வாஷர் போட வேண்டும்.

அடுத்தது பவர். டெலிகாம் சைட்டில் ரவுட்டருக்கு வருவது பெரும்பாலும் மைனஸ் 48 வோல்ட் டிசி. மல்டிமீட்டரில் 54 காட்டினால் பதற வேண்டாம், ஈய அமில பேட்டரி என்றால் வரிசையாக 24 செல், ஃப்ளோட்டில் (முழுச் சார்ஜில் நிறுத்தி வைத்திருக்கும்போது) ஒரு செல்லுக்கு 2.25 வோல்ட், பெருக்கிப் பாருங்கள். பிளஸ் பக்கம்தான் இங்கே எர்த்தோடு சேர்ந்திருக்கும். மண்ணுக்குள் ஈரத்தில் கிடந்த டெலிபோன் செம்புக் கேபிள் அரித்துப் போகாமல் இருக்க அந்தக் காலத்திலேயே செய்த ஏற்பாடு, இன்றைக்கும் மாறவில்லை. நீல வயர் மைனஸ், கறுப்பு ரிட்டர்ன் (அந்தப் பிளஸ் பக்கம்) என்று பல கம்பெனிப் பெட்டிகளில் வரும், ஆனால் முன்னால் வேலை பார்த்தவர் கையில் இருந்த வயரைப் போட்டிருக்கலாம், நிறத்தை நம்பிக் கை வைக்காதீர்கள், மீட்டர் வைத்துப் பாருங்கள். மோதிரம், வாட்ச், கையில் கட்டிய வெள்ளிக் காப்பு எல்லாம் கழற்றிப் பையில். 48 வோல்ட் ஷாக் அடிக்காது என்று வீரம் பேசுவார்கள், ஷாக்கை விடுங்கள், பேட்டரி பேங்க்கிலிருந்து வரும் கரண்ட் ஸ்பேனர் வழியாக ஷார்ட் ஆனால் ஸ்பேனர் உருகும். ஏசி ஒரு நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போகும், பொறி அணைய அதில் வாய்ப்பு இருக்கிறது. டிசியில் பிடித்த பொறி இழுத்துக்கொண்டே நிற்கும். எம்சிபி (ரவுட்டருக்குப் பவர் போகிற பிரேக்கர் சுவிட்ச்) கடைசி வரை ஆஃபிலேயே இருக்கட்டும்.

பவரில் எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது. ரவுட்டருக்கு இரண்டு பவர் சப்ளை கம்பெனிக்காரன் கொடுத்திருப்பான், ஏ, பி என்று. ஒன்று போனால் இன்னொன்று தாங்க வேண்டும் என்பதற்குத்தான் அது. அந்த இரண்டு கேபிளையும் கொண்டுபோய் ஒரே எம்சிபியில் மாட்டிவிட்டு, இரண்டு விளக்கும் பச்சையாக எரிவதைப் போட்டோ எடுத்து அனுப்பி கையெழுத்தும் வாங்கிவிடுகிறார்கள். இன்னொரு எம்சிபி காலியாக இல்லையென்றால் காலியாக இல்லை என்று எழுதிக் கொடுங்கள், இப்படி மறைக்காதீர்கள்.

சரி, ஃபைபருக்கு வருவோம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் பார்த்த வரையில் பாதிக் கம்ப்ளெய்ன்ட் இங்கேதான் பிறக்கிறது.

ரவுட்டரின் எஸ்எஃப்பி (வெளிச்சத்தை அனுப்பி வாங்குகிற சின்ன மாட்யூல்) ஓட்டையிலிருந்து ஓடிஎஃப் (வெளி ஃபைபர்கள் வந்து முடிகிற பெட்டி) வரைக்கும் போகிற மஞ்சள் பேட்ச் கார்டு (இரண்டு முனையிலும் கனெக்டர் உள்ள சின்னக் கேபிள்), அது சிங்கிள் மோட் என்கிற ஃபைபர் வகை. உள்ளே வெளிச்சம் ஓடுகிற பாதையின் குறுக்களவு சுமார் 9 மைக்ரான், தலைமுடியின் தடிமனில் ஏழில் எட்டில் ஒரு பங்கு வரும். அந்த முனையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசு உட்கார்ந்தால் போதும், வந்து சேர்கிற வெளிச்சத்தின் லெவல் இறங்கிவிடும். ஆனால் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள், மூடியைக் கழற்றி, முனையைச் சட்டையில் இரண்டு இழுப்பு இழுத்து, வாயால் ஒரு ஊது ஊதி, சொருகிவிடுகிறார்கள். அந்தச் சட்டையில் காலையிலிருந்து ஈசிஆரில் வண்டி ஓட்டி வந்த புழுதியும் வியர்வையும் இருக்கிறது, ஊதுகிற காற்றில் எச்சில் ஈரம் இருக்கிறது. பேனா மாதிரி அழுத்தினால் சொடக்குச் சத்தம் வருகிற கிளீனர் ஒன்று விற்கிறது, அது இல்லையென்றால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் நூல் உதிராத டிஷ்யூவும் போதும். ஈரத்தில் ஒரு தடவை ஒரே திசையில் இழுத்து, உடனே காய்ந்த டிஷ்யூவில் இன்னொரு தடவை. பேட்ச் கார்டை மட்டும் துடைத்துவிட்டு அடாப்டருக்குள்ளே எதிர்ப்பக்கம் இருக்கிற முனையை மறந்துவிட்டால் துடைத்ததற்கே அர்த்தமில்லை, இரண்டும் முட்டிக்கொள்கிற இடம் அதுதான். கழற்றிய மூடிகளை ஒரு சின்ன ஜிப் கவரில் போட்டு வையுங்கள், திரும்ப வேண்டும்.

பச்சை கனெக்டரும் நீல கனெக்டரும் ஒன்றோடொன்று மாட்டக் கூடாது. பச்சையின் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்த்தது, வெளிச்சம் திரும்பி வந்த வழியே போகாமல் இருக்க. நீலம் நேர். இரண்டையும் சேர்த்தால் நடுவில் இடைவெளி விழும், லிங்க் சில சமயம் வரவும் செய்யும், அதுதான் ஆபத்தே, வந்துவிட்டதே என்று விட்டுவிடுவோம்.

லிங்க் வரவில்லையா, முதலில் டிஎக்ஸ் (அனுப்புவது) ஆர்எக்ஸை (வாங்குவது) மாற்றிப் பாருங்கள். இங்கே அனுப்புவது அங்கே வாங்குகிற பக்கம் போய்ச் சேர வேண்டும், நடுவில் இரண்டு மூன்று ஓடிஎஃப் இருந்தால் எங்கோ ஓரிடத்தில் யாரோ நேராகப் போட்டிருப்பார்கள். இதற்கு மொபைல் கேமராவைக் காட்டி "வெளிச்சமே வரலண்ணா, எஸ்எஃப்பி போயிடுச்சு" என்று சொல்கிற பசங்களை நிறையப் பார்க்கிறேன். டிவி ரிமோட்டில் பார்த்துப் பழகியதால் வந்த யோசனை. 1310, 1550 நானோமீட்டர் வெளிச்சம் மொபைலில் இருக்கிற சிலிக்கான் சென்சாருக்குத் தெரியவே தெரியாது, மாட்யூல் நன்றாக இருந்தாலும் இருட்டாகத்தான் காட்டும். உங்கள் கண்ணுக்கும் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கலாம், அதனால் எந்தக் காரணத்துக்காகவும் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்காதீர்கள். பவர் மீட்டர் எதற்கு இருக்கிறது.

10ஜி எல்ஆர் என்றால் 10 கிலோமீட்டருக்கான மாட்யூல், வாங்குகிற பக்கம் மைனஸ் 14.4 டிபிஎம்முக்குக் (வெளிச்சத்தின் அளவு, மைனஸ் எண் பெரிதாக ஆக வெளிச்சம் குறைவு) கீழே போகக் கூடாது. சைட்டில் மைனஸ் 13.8 வந்தால் "அண்ணா, லிங்க் அப்" என்று சந்தோஷப்பட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அது இன்றைக்கு அப், ஒரு ஸ்ப்ளைஸ் (ஃபைபரை ஒட்டுப் போட்ட இடம்) கூடினால் டவுன். இதற்கு நேர்மாறான பிரச்சினையும் உண்டு. 80 கிலோமீட்டர் மாட்யூல் 0 முதல் பிளஸ் 4 டிபிஎம் வரை அனுப்பும், ஆனால் வாங்குகிற பக்கம் மைனஸ் 7க்கு மேல் தாங்காது. கடலூரிலிருந்து புதுச்சேரி ஒரு இருபது சொச்சம் கிலோமீட்டர்தான், ஸ்டாக்கில் வேறு இல்லை என்று 80 கிலோமீட்டர் மாட்யூலைப் போட்டால் 1550இல் கிலோமீட்டருக்கு 0.2 டிபி கணக்கில் வழியில் குறைவதே நாலைந்து டிபிதான், ஸ்ப்ளைஸ், கனெக்டர் எல்லாம் சேர்த்தாலும் விளிம்பிலோ அதைத் தாண்டியோ நிற்கும். அட்டென்யூவேட்டர் (வெளிச்சத்தைக் குறைக்கிற அடாப்டர்) போடாமல் மாட்டாதீர்கள். அதே மாட்யூலை மேஜை மேல் வைத்து ஒரு சின்ன பேட்ச் கார்டில் அதன் டிஎக்ஸை அதன் ஆர்எக்ஸுக்கே லூப் போட்டுச் சோதிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அன்றோடு அதன் ரிசீவர் காலியாகலாம்.

வளைவு பற்றி ஒரு கதை. நெல்லிக்குப்பம் ரோட்டில் ஒரு அலுவலகம், பெயர் வேண்டாம். லிங்க் அடிக்கடி தொங்குகிறது என்று கம்ப்ளெய்ன்ட் மேல் கம்ப்ளெய்ன்ட். போகிறவர் ரேக்கைத் திறப்பார், எல்லா விளக்கும் பச்சை, லெவல் அருமையாக இருக்கும், "தானாகவே சரியாயிடுச்சு சார்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவார். மறுநாள் திரும்பவும் போன். வெளியே எங்கோ ஃபைபர் அடி வாங்கியிருக்கிறது என்று சொல்லி ஓடிடிஆர் (ஃபைபரில் எந்த இடத்தில் கோளாறு என்று காட்டுகிற கருவி) எடுத்துக்கொண்டு ரோடு முழுக்க அளந்தார்கள், ஒன்றும் இல்லை. கடைசியில் நான் போனபோது ரேக்கைத் திறக்காமல் முதலில் ரிமோட்டில் லெவல் எடுக்கச் சொன்னேன், படுமோசம். கதவைத் திறந்து மறுபடியும் எடுக்கச் சொன்னேன், நன்றாக இருக்கிறது. பேட்ச் கார்டு நீளமாக இருந்ததால் மிச்சத்தைச் சுருட்டி முன்பக்கம் தொங்கவிட்டிருக்கிறார்கள், கதவு சாத்தும்போது கண்ணாடியின் ஓரம் அதை மடித்துப் பிடிக்கிறது. போகிற ஒவ்வொருத்தரும் கதவைத் திறந்த நொடியிலேயே கோளாறைச் சரி பண்ணிவிட்டு, அப்புறம் உட்கார்ந்து அதைத் தேடியிருக்கிறார்கள். சாதாரண ஃபைபருக்கு வளைவின் ஆரம் 30 மிமீக்குக் குறையக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள், 1550 வெளிச்சம் 1310ஐவிட வளைவில் அதிகமாகக் கசியும். மிச்சத்தை ரேக்கின் பக்கவாட்டில் கேபிள் வைக்கிற மேனேஜரில் பெரிய வட்டமாகச் சுற்றி வெல்க்ரோவில் தளர்வாகக் கட்டுங்கள். பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கி வாலைக் கத்தரிக்கிற வேலை ஃபைபரில் வேண்டவே வேண்டாம். அந்த வெட்டிய டை முனை அடுத்து கையை விடுகிறவன் மணிக்கட்டையும் கிழிக்கும், அது தனி.

காப்பர் கேபிள் எல்லோருக்கும் தெரியும் என்பதால் எல்லோரும் அலட்சியமாகப் போடுவது. நிற வரிசை வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் போதாதா, நான் ஜோடி ஜோடியாக வரிசைப்படுத்திக்கொள்கிறேனே என்று ஒரு பையன் கேட்டான். எட்டு விளக்கு டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை வரிசையாக அழகாக எரியும், அந்த டெஸ்டருக்கு வயர் தொடர்ச்சி மட்டும்தான் தெரியும். ஆனால் கனெக்டரில் மூன்றாவது பின்னும் ஆறாவது பின்னும் ஒரு ஜோடியாக முறுக்கிக்கொண்டு வர வேண்டும் என்பதால்தான் பச்சை பிரிந்து நீலத்தின் இரண்டு பக்கமும் உட்கார்கிறது. ஜோடி ஜோடியாகப் போட்டால் அந்த இரண்டு பின்னும் வேறு வேறு ஜோடிக்குப் போய்விடும், முறுக்கினால் கிடைக்கிற பாதுகாப்பு போய்விடும், சின்னக் கேபிளில் ஓடும், நீளம் கூடினால் எரர் கொட்டும். முறுக்கைப் பிரிப்பதும் 13 மிமீக்கு மேல் வேண்டாம், ஜாக்கெட் கனெக்டருக்குள் போய் கிளிப்புக்கு அடியில் பிடிபட வேண்டும். இழுத்தால் வயர் தனியாகத் தெரிகிற கிரிம்ப் (கனெக்டரை அழுத்திப் பொருத்திய முனை) எல்லாம் வெட்டி எறிய வேண்டியதுதான்.

கிகாபிட் போர்ட்டில் 100 எம்பிபிஎஸ் மட்டும் வருகிறது என்றால் ரவுட்டரைத் திட்டாதீர்கள். 100க்கு 1, 2, 3, 6 என்று நான்கு பின் போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீலமோ பிரவுனோ எங்கோ அறுந்திருக்கிறது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள் வாங்கினால் இது சீக்கிரமே நடக்கும். 305 மீட்டர் பெட்டியைத் தூக்கும்போதே எடை சொல்லிவிடும், சந்தேகம் இருந்தால் பிளேடால் ஒரு வயரைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கேட்6 என்று மேலே அச்சடித்துத்தான் இருக்கும், ஆனால் தரநிலை கேட்பது முழுச் செம்பு. அந்த வயரில் பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியாகவே பவர் வாங்குகிற) கேமராவோ ஆக்ஸஸ் பாயின்ட்டோ ஓட்டினால் கேபிள் சூடாகும்.

மொத்த நீளம் 100 மீட்டர், பேட்ச் கார்டுகளையும் சேர்த்து. புதுச்சேரி ஒயிட் டவுன் பக்கம் பழைய வீட்டு ஓட்டலுக்கு லைன் போடுகிறவர்கள் இந்தக் கணக்கை முன்னாலேயே போட்டுக்கொள்ளுங்கள். சுவர் தடிமனாக இருக்கும், துளை போட ஓனர் விட மாட்டார், விடவும் கூடாது, கேபிள் முற்றத்தைச் சுற்றி மாடிக்கு ஏறி இறங்கும், நேராகப் பார்த்தால் முப்பது மீட்டர்தானே என்று தோன்றுவது தொண்ணூறைத் தொட்டுவிடும். மொட்டை மாடியில் உள்வீட்டு வெள்ளைக் கேபிளைப் போடாதீர்கள், நம்ம ஊர் வெயிலுக்கு ஜாக்கெட் வெடித்துவிடும், அப்புறம் ஐப்பசி மழை உள்ளே இறங்கும். வெளியே போகிறதெல்லாம் கறுப்பு ஜாக்கெட். இரண்டு கட்டடத்துக்கு நடுவில் காப்பரே வேண்டாம், இரண்டுக்கும் எர்த் வேறு வேறு, மின்னல் நேரத்தில் இரண்டு பக்கமும் சேர்ந்து போகும். ஃபைபர் போட்டுவிடுங்கள்.

மழை என்றதும் சொல்கிறேன். 2011 தானே புயலும் 2024 ஃபெஞ்சல் புயலும் நம் கரையில்தான் ஏறின, நவம்பர் 30 ஃபெஞ்சலுக்கு அப்புறம் தென்பெண்ணை வெள்ளம் வேறு. அதற்குப் பிறகு போன ஷெல்டர்களில் உள்ளே ஈரம் வந்த வழியைப் பார்த்தால், பல இடத்தில் கூரையில் ஓட்டை இல்லை, கேபிள்தான் வழி. வெளியிலிருந்து சரிவாக இறங்கி வருகிற கேபிள் மேலேயே தண்ணீர் நடந்து வந்து ரேக்கில் சொட்டியிருக்கிறது. நுழையும் ஓட்டைக்கு முன்னால் கேபிளைக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு அப்புறம் மேலேற்றி உள்ளே விடுங்கள், தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். கிளாண்ட் (கேபிளைச் சுற்றி இறுக்குகிற மூடி) போட்டு மிச்ச இடைவெளியை அடைத்துவிடுங்கள், பல்லி, எறும்பு, எலி எல்லாம் அதே ஓட்டைக்குத்தான் வரும்.

கன்சோல் கேபிள் (லேப்டாப்பை ரவுட்டரோடு நேராகப் பேச வைப்பது) பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. லேப்டாப்பில் சீரியல் செட்டிங்கை 9600, 8, என், 1 என்று வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் பேசும். பேசவில்லை என்றால் மேனுவல். வேலை முடிந்ததும் கழற்றிக்கொண்டு வாருங்கள், நிறையப் பேர் ரேக்கிலேயே விட்டுவிட்டு அடுத்த சைட்டில் தேடுகிறார்கள்.

லேபிள். இரண்டு முனையிலும், மாட்டுவதற்கு முன்னாலேயே. மாட்டியபின் ஒட்டலாம் என்றால் ஒட்ட மாட்டீர்கள், டீ குடிக்கப் போய்விடுவீர்கள். எங்கிருந்து, எந்த போர்ட், எங்கே, எந்த போர்ட் என்று இரண்டு பக்கத் தகவலும் ஒரே லேபிளில் வேண்டும். பேப்பர் டேப்பில் பால்பாயின்ட் பேனாவில் எழுதினால் கடலோர ஈரத்தில் ஒரு மழைக்காலத்தில் எழுத்து ஓடிவிடும், பிரிண்டர் லேபிள் இல்லையென்றால் மார்க்கரில் எழுதி மேலே ஒளி ஊடுருவும் டேப் சுற்றுங்கள். "மேல் வீட்டு லைன்" என்று எழுதிய ஒரு கேபிளை முத்தியால்பேட்டையில் பார்த்தேன். எந்த மேல் வீடு என்று கேட்க எழுதியவர் அந்த வேலையிலேயே இல்லை. கழற்றவும் பயம், விடவும் பயம், இன்னும் அங்கேயே இருக்கிறது.

எல்லாம் மாட்டியாயிற்றா. எம்சிபி ஏ மட்டும் போடுங்கள், ரவுட்டர் ஏறட்டும். பி போடுங்கள், ஏ இறக்குங்கள், ரவுட்டர் அசையாமல் நிற்க வேண்டும், அப்புறம் ஏ மறுபடி. ஒவ்வொரு ஃபைபர் போர்ட்டின் லெவலையும் குறித்துக்கொள்ளுங்கள், எரர் கவுண்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு கொஞ்ச நேரம் டிராஃபிக் ஓடவிட்டு சிஆர்சி (வழியில் கெட்டுப்போய் வந்த டேட்டாவின் எண்ணிக்கை) ஏறுகிறதா பாருங்கள், ஒன்றே ஒன்று ஏறினாலும் அதை விட்டுவிட்டு வராதீர்கள். கடைசியாக ரேக் கதவைச் சாத்திப் பூட்டியபிறகு லெவலை இன்னொரு தடவை எடுங்கள், ரிப்போர்ட்டில் எழுத வேண்டியது இந்த இரண்டாவது எண்ணைத்தான்.